மூன்றாம் பாகம் வாங்கப் போன கெசையா

முடிவு தெரியாத ஒரு கதைக்காக ஒருத்தி தன் பிழைப்பையே பணயம் வைப்பாளா? இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கெசையாவின் கதையை முதன்முதலில் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பட்டத்துக்கு வந்த புதிது. கெசையா, சோப்பு வியாபாரி ஹாஸ்கின்ஸ் வீட்டு வேலைக்காரி. பைபிள் வாசிக்கட்டும் என்றுதான் தர்மப் பள்ளியில் அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். வாசிக்கத் தெரிந்தவள் பைபிளோடு நிற்பாளா என்று யாரும் யோசிக்கவில்லை.

சோப்பு நன்றாக விற்றது. சமைக்க டோர்காஸ், மற்ற வேலைக்குக் கெசையா என்று வீட்டில் ஆட்கள் சேர்ந்தார்கள். அதனால் எஜமானியம்மாளுக்குப் பிற்பகல் முழுக்கச் சும்மா கிடந்தது. அதை நாவல்கள் நிரப்பின. நாவல் என்றாலே ஹாஸ்கின்ஸுக்கு ஆகாது. ஆகவே எல்லாம் ரகசியம். கடைத்தெரு வாடகை நூலகத்தில் ஒரு கதை மூன்று பாகமாக இருக்கும்; ஒரு நேரத்தில் ஒரு பாகம்தான் தருவார்கள். வாங்கி வருவது கெசையா. வழியிலேயே பாதியை வாசித்துவிடுவாள். மீதியை, தையல் வேலை என்ற சாக்கில், அம்மாளுக்கு வாசித்துக் காட்டுவாள்.

ஒருநாள் நாற்காலி மெத்தைக்கடியில் இரண்டாம் பாகம் ஹாஸ்கின்ஸ் கையில் சிக்கியது.

"இது யாருது?"

அம்மாளின் முகம் வெளுத்தது. "கெசையாவோடதா இருக்கும்."

கெசையா மறுக்கவில்லை.

"கதை படிச்சுக் கெட்டுப்போற பொண்ணுக்கு இந்த வீட்டுல இடமில்ல," என்றார் அவர். "ஆனா முதல்ல இதுல என்ன விஷம் இருக்குன்னு எல்லாரும் கேட்கட்டும். கதை முடியிற அன்னைக்கு நீ கிளம்பிடணும்."

அன்று மாலை ஜெபத்துக்கு வழக்கம்போல வீடே கூடியது. பிரசங்கம் வாசிக்கிற நேரத்தில் கெசையா நாவலை வாசித்தாள்.

"யாருடி இந்த லவீனியா?" என்றாள் டோர்காஸ்.

முதல் பாகத்தைக் கெசையா வாயாலேயே சொன்னாள்: பாதிரியாரின் அநாதை மகள், கிழட்டுப் பிரபுவுக்குக் கட்டிவைக்கப் பார்க்கும் சித்தப்பா, வண்டியேறித் தப்பியோட்டம்.

"அந்த வண்டிக்காரன் முழியே சரியில்ல. அவனை நம்பாதடி," என்றாள் டோர்காஸ், புத்தகத்தைப் பார்த்து.

"பேசாம கேளு. இது கெட்ட புத்தகம்," என்றார் ஹாஸ்கின்ஸ், நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டே.

தினமும் மாலையில் வாசிப்பு நடந்தது. பாலம் உடைந்து வண்டி ஆற்றில் கவிழ்ந்த இடத்தில் இரண்டாம் பாகம் முடிந்தது.

"விஷத்த முழுசா தெரிஞ்சுக்கணும்," என்றார் ஹாஸ்கின்ஸ். "நாளைக்குப் போய் அடுத்ததை வாங்கிட்டு வா."

மறுநாள் காலை டோர்காஸ் அவளை அடுப்படிக்கு இழுத்தாள். "வேற யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லிடு. கதை முடியாத வரைக்கும் உன் வேலைக்கு ஆபத்தில்ல."

நல்ல யோசனைதான். ஆனால் நூலகத்தில் மூன்றாம் பாகம் அலமாரியிலேயே இருந்தது. விட்டுவிட்டால் வேலை நிலைக்கும். லவீனியா ஆற்றிலேயே கிடப்பாள். கெசையா கையை நீட்டி எடுத்துக்கொண்டாள். எல்லோரோடும் சேர்ந்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்று, வழியில் ஒரு பக்கம்கூடப் பிரிக்கவில்லை.

அடுத்த சில மாலைகளில் மூன்றாம் பாகமும் முடிந்தது. லவீனியா பிழைத்தாள். ஏழை வைத்தியன் ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். டோர்காஸ் அழுதாள். ஹாஸ்கின்ஸ் மூக்கைச் சிந்திவிட்டு ஜலதோஷம் என்றார். பிறகு, "சரி கெசையா, பெட்டியைக் கட்டு," என்றார்.

அம்மாள் எழுந்தாள். "அப்படின்னா என் பெட்டியையும் கட்டச் சொல்லுங்க. அந்தப் புத்தகம் நான் எடுத்துவரச் சொன்னது."

"இத்தனை நாளா ஏன் வாயைத் திறக்கல?"

"திறந்திருந்தா நீங்க மூணாம் பாகம் கேட்டிருப்பீங்களா?"

டோர்காஸ் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹாஸ்கின்ஸ் புத்தகத்தைக் கையில் எடுத்தார். பிறகு கெசையாவிடம் நீட்டினார்.

"காலையில இதைத் திருப்பிக் கொடுத்துடு. அப்படியே, வேற ஏதாவது கெட்ட புத்தகம் இருந்தா பார்த்து வாங்கிட்டு வா."

இதைப் படித்தவர்களே, வாசிப்பு வீண்வேலை என்று சொல்பவர் யாராவது இருந்தால், தயவுசெய்து அவரிடம் கெசையாவைப் பற்றிச் சொல்லுங்கள்.