ரெண்டு பழைய சைக்கிளும் ஒரு ஸ்பேனரும்

எங்க வூட்டுக்காரர விட நான் நாலு விரக்கடை ஒசரம். இத யாரும் மறைக்கல. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே தெரிஞ்ச சங்கதிதான். கல்யாண போட்டோவுல மட்டும் என்னை நாற்காலியில உக்கார வச்சு, அவரப் பக்கத்துல நிக்க வச்சாங்க. அப்பவும் பத்தல. "தலையக் கொஞ்சம் குனிஞ்சுக்கம்மா"ன்னு போட்டோ புடிச்சவரும் சொன்னாரு, மாமியாரும் சொன்னாங்க. ஒரு போட்டோவுக்குத்தானேன்னு குனிஞ்சேன். அன்னைக்கே நிமிந்து உக்காந்திருக்கணும்.

எண்பதுகள்ல ரெண்டு பேரும் ஏரியூர்ல குடியிருந்தோம். அவரு பக்கத்து ஊரு பள்ளிக்கூடத்துல வாத்தியாரு. நான் கவர்ன்மெண்ட் நர்ஸு. ஊசிப் பெட்டியத் தூக்கிக்கிட்டு ஆறு ஊரு சுத்தணும், பிரசவம்னா போட்டது போட்டபடி ஓடணும். அந்த ஊருங்களுக்குப் பஸ்ஸு காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அதுவும் வந்தா வரும். புது சைக்கிள் வாங்க வசதியில்ல. ஆளுக்கொரு பழைய சைக்கிள் வாங்கிடலாம்னு ஒரு ஞாயித்துக்கெழம தர்மபுரிக்குப் போனோம்.

பழைய சைக்கிள் கடை வச்சிருந்த பாய் பேரம் பேசறதுக்கு முன்னாடி அளவு பாக்கற ஆளு. "சீட்ட அக்குள்ல முட்டக் குடுங்க, கைய நீட்டி விரல் நுனிய பெடல் அச்சுல வைங்க. ரெண்டும் சரியா வந்தா அதான் உங்க வண்டி. வராட்டி எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் அடுத்தவன் வண்டி" அப்படின்னாரு. எங்க வூட்டுக்காரருக்கு ஒரு சின்ன பிரேம் கறுப்பு வண்டி கச்சிதமா வந்தது. எனக்குக் கடையில இருந்த லேடீஸ் சைக்கிள் எதுவும் வரல. பெடல் அச்சு என் மணிக்கட்டு வரைக்கும்தான் வந்தது.

பாய் உள்ள போயி சாக்கு மூடியிருந்த ஒரு பச்சை சைக்கிளத் தள்ளிக்கிட்டு வந்தாரு. "ஒரு வெள்ளைக்கார நர்ஸம்மா ஓட்டுன வண்டிம்மா. அவங்க ஊருக்குப் போனதுலேருந்து நிக்குது. ஒருத்தருக்கும் காலு எட்டல."

எனக்கு எட்டுச்சு. சந்துல ஒரு ரவுண்டு அடிச்சேன். முதுகு நேரா, முட்டி ஹேண்டில்ல இடிக்காம, காலு முழுசா நீண்டு மிதிச்சது. அந்த ஒரு ரவுண்டுல எனக்கு வந்த சந்தோசம் கல்யாணத்தன்னைக்குக் கூட வரல, சொல்லிட்டேன்.

திரும்பி வந்து அவரு வண்டி பக்கத்துல நிறுத்தினேன். பச்சை வண்டி ஹேண்டிலு அவரு வண்டி ஹேண்டில விட ஒரு சாண் மேல நின்னது. அவரு மொகம் சுண்டிப் போச்சு.

"இது வேணாம்."

"ஏங்க, நல்லாத்தானே இருக்குது?"

"ரெண்டும் சேந்து நின்னா பாக்கறவன் என்ன நெனப்பான்?"

"ரெண்டு சைக்கிளு நிக்குதுன்னு நெனப்பான்" அப்படின்னேன்.

பாய் கூட, "சார், வண்டிக்குப் பொருத்தம் பாக்க வேணாம் சார், மிதிக்கறதுக்குத்தானே"ன்னாரு. கேட்டாரா? கேக்கல. கடையிலேயே பெரிய பிரேம் ஜென்ட்ஸ் வண்டி அவருக்கு, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ஓட்டுற மாதிரி ஒரு செவப்பு வண்டி எனக்கு. ரெண்டையும் பஸ்ஸு மேல ஏத்திக் கட்டிக்கிட்டு வந்தோம்.

அதுக்கப்புறம் எங்க ரெண்டு பேரு கூத்தையும் ஏரியூரே பாத்தது. அவருக்கு வண்டியில ஏற ஒரு மைல்கல்லு வேணும், எறங்க ஒரு மைல்கல்லு வேணும். சீட்டு மேல இந்தப் பக்கம் சரிஞ்சு ஒரு மிதி, அந்தப் பக்கம் சரிஞ்சு ஒரு மிதி. எனக்கு, சீட்ட முழுசா ஏத்தியும், மிதிக்கு மிதி முட்டி ஹேண்டில்ல இடிக்கும். இடிக்காம இருக்க முட்டிய வெளிய விரிச்சு மிதிச்சா சீலை வெலகும். சீலைய இழுத்துவிட்டா வண்டி ஆடும். ரெண்டே மாசத்துல முட்டி ரெண்டும் வீங்கிப் போச்சு. படியேற முடியல, குழந்தைக்கு ஊசி போடக் குனிஞ்சா எந்திரிக்க முடியல.

ஒத்தடம் குடுத்துக்கிட்டு உக்காந்திருந்தப்ப அவரு சொன்னாரு. "அவ்வளவு முடியலன்னா வேலைய விட்டுட்டு வூட்ல இரு."

நான் படிச்சு, பரீட்ச எழுதி, அப்பா கையக் காலப் புடிச்சுப் பயிற்சிக்குப் போயி வாங்கின வேலை. ஒரு சைக்கிள் சைஸுக்காக அத விடணுமாம்!

அப்புறம் ஒரு நாளு அவரு மைல்கல்லு கெடைக்காம எறங்கப் போயி வண்டியோட சாஞ்சாரு. கையில சிராய்ப்பு, வேட்டி கிழிஞ்சது, அவ்வளவுதான். அடுத்த ஞாயித்துக்கெழம எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம தர்மபுரி போயி, பெரிய வண்டியக் குடுத்துட்டு அந்தச் சின்ன பிரேம் கறுப்பு வண்டிய வாங்கிக்கிட்டு வந்துட்டாரு. ஜம்முனு ஏறி ஜம்முனு எறங்குறாரு.

"என் வண்டிய மாத்தலையா?" அப்படின்னேன்.

"உன்னுதுக்கு என்ன?"

"அந்தப் பச்சை வண்டி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

இருந்துச்சாம். கண்ணால பாத்திருக்காரு. பாத்துட்டு, தன் காலுக்கு மட்டும் ஏத்ததா வாங்கிக்கிட்டு வந்திருக்காரு. இந்த மனுசனுக்கு நான் தெனமும் சோறு போடறேன்!

மறுவாரம் லீவு போட்டுட்டு நானே போனேன். செவப்பு வண்டியப் பாய்கிட்டத் தள்ளிவிட்டுட்டு, மேல கொஞ்சம் போட்டுக் குடுத்துப் பச்சை வண்டிய எடுத்தேன். பாய் செயினுக்கு எண்ணெய் விட்டாரு. அளவு பாத்து சீட்ட முறுக்கிக் குடுத்தாரு. பென்னாகரம் வரைக்கும் பஸ்ஸு மேல போட்டேன். அங்கிருந்து ஏரியூருக்கு ஓட்டிக்கிட்டே வந்தேன். டீக்கடையில அவரும் கூட வேலை பாக்கறவங்களும் நின்னுக்கிட்டு இருந்தாங்க. பெல்லடிச்சுட்டுப் போனேன்.

வூட்டுக்கு வந்தவரு சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும். மறுநாளு காலையில வண்டிய எடுத்து உக்காந்தேன், முட்டி மடங்குச்சு. சீட்ட அடி வரைக்கும் எறக்கி வச்சிருக்காரு. ஸ்பேனர எடுத்து ஏத்திக்கிட்டுப் போனேன். அடுத்த நாளு மறுபடி எறக்கியிருந்துச்சு. ஏத்தினேன். எறக்கினாரு. அதப் பத்தி அவரும் பேசல, நானும் பேசல. காப்பி குடுப்பேன், குடிப்பாரு. சாப்பாட்டு டப்பா கட்டித் தருவேன், வாங்கிக்குவாரு. ரெண்டு பேரும் படிச்சவங்க, மாசச் சம்பளக்காரங்க. வூட்டுல இருந்த ஒரே ஸ்பேனர வச்சுக்கிட்டு ஒரு சீட்டோட மல்லு கட்டிக்கிட்டு இருந்தோம்.

ஒரு நாளு காலையில, மேட்டுக்கு அந்தாண்ட ஊருலேருந்து ஒருத்தர் ஓடியாந்தாரு. சம்சாரத்துக்கு வலி எடுத்துருச்சாம், தலைப்பிரசவம். பையத் தூக்கிக்கிட்டு ஓடி வண்டியில ஏறினா சீட்டு கீழ. ஸ்பேனரத் தேடறேன், வச்ச எடத்துல காணோம். அவரு குளிக்கப் போயிட்டாரு. வந்தவரு "அம்மா, சீக்கிரம்மா"ன்னு அழுகறாரு. அப்படியே மிதிச்சேன். மேடு ஏறுறப்ப இடது முட்டியில சுருக்குன்னு ஒரு குத்து. காலு ஊன முடியல. மீதி தூரம் வண்டிய ஊணுகோலாட்டம் புடிச்சுக்கிட்டு நொண்டிக்கிட்டே போனேன்.

நான் போறதுக்குள்ள குழந்த பொறந்துட்டுது. அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க ஏந்திட்டாங்க. தாயிக்கு ரத்தம் நிக்கல. ஊசி போட்டு, வவுத்த அழுத்திப் புடிச்சு, நிக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போயி உசுரு வந்தது. தாயும் புள்ளையும் பொழைச்சாங்க. நான் நேரத்துக்குப் போனதால இல்ல, அதிஷ்டத்துல பொழைச்சாங்க. இன்னும் கொஞ்சம் நேரம் தாண்டியிருந்தா? அந்தப் பொண்ணுக்கு என்னா பதில் சொல்லியிருப்பேன்? எங்க வூட்டுக்காரரு ஒசரம் கம்மிம்மான்னா?

சாயங்காலம் வந்து அவருகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். ரத்தம் போனது, நான் நொண்டினது, எல்லாம். கேட்டுட்டு, "அதான் அப்பவே சொன்னேன், இந்த வேலை உனக்கு ஆவாது"ன்னாரு.

அவரு நோட்டு திருத்த உக்காந்ததும் அவரு பையத் தொழாவினேன். ஸ்பேனரு சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில கெடந்தது. மொதல்ல என் சீட்ட ஏத்தினேன். அப்புறம் அவரு வண்டிகிட்டப் போயி, அந்தச் சீட்டு எவ்வளவு ஒசரம் போகுமோ அவ்வளவும் ஏத்தி, கை வலிக்க முறுக்கினேன்.

மறுநாளு அவரு பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டரு வர்ற நாளு. சலவ வேட்டி கட்டிக்கிட்டு வண்டிய எடுத்தாரு. காலத் தூக்கிப் பாத்தாரு, ஏற முடியல. செவுத்துல சாச்சு ஏறிட்டாரு, பெடல் எட்டல. எறங்கி ஸ்பேனரத் தேடி வூட்டுக்குள்ள போனாரு. பை, பரணு, அடுப்பங்கரை எல்லாம் தேடிட்டு வெறுங்கையோட வெளிய வந்தாரு. பக்கத்து வூட்டுல போயிக் கேக்கலாம். கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க.

"ஸ்பேனரு எங்க?"

"எம்பையில."

"குடு. நேரமாவுது."

"ஒசரந்தானே வேணும்னீங்க? ஏத்தி வச்சிருக்கேன், ஓட்டிக்கிட்டுப் போங்க."

இடது முட்டியில துணியச் சுத்திக் கட்டியிருந்தேன். ஊசிப் பெட்டியக் கேரியர்ல வச்சுக் கட்டினேன், முதுக நிமித்தி உக்காந்து மிதிச்சேன். தெரு முனையில திரும்பிப் பாத்தா, அவரு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வண்டியத் தள்ளிக்கிட்டு நடந்து வந்துக்கிட்டு இருந்தாரு. நான் நிக்கல.