செலக்ட் ஆன அக்கா

இரண்டாயிரத்து ஏழில் கடலூரில் ஒரு லோக்கல் கேபிள் சேனலில் எடிட்டராக இருந்தேன். செம்மண்டலத்தில் ஒரு வீட்டு மாடிதான் அலுவலகம். கேமராவும் நானே பிடிப்பேன். பிறந்தநாள் வாழ்த்து, கோயில் திருவிழா, நகைக்கடை விளம்பரம். இதைத் தவிர எங்களிடம் காட்ட ஒன்றுமில்லை. சென்னைச் சேனல்களிலோ பாட்டுப் போட்டிகள் ஓடின. நன்றாகப் பாடுகிறவர்களைவிட, பாட வராமல் அசடு வழிகிறவர்களைத்தான் ஜனங்கள் ரசித்துப் பார்த்தார்கள். எங்கள் முதலாளி இதைக் கவனித்துவிட்டார்.

"நாமளும் ஒன்னு நடத்துவோம். பாடத் தெரியாதவன் ஜாஸ்தி வந்தா நமக்கு நல்லது."

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தேர்வு வைத்தோம். நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர், நாற்பது வயதிருக்கும். மடிப்புக் கலையாத புதுப் புடவை. "மேல போனா கொரலு ஒடையும் தம்பி, கொஞ்சம் வெந்நி கெடைக்குமா?" என்று கேட்டார். வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டாவது வரியிலேயே குரல் உடைந்தது. முதலாளி என் முதுகுக்குப் பின்னாலிருந்து நடுவர்களுக்குச் சைகை காட்டினார்.

"பிரமாதம்மா! இன்னும் மேல போங்க" என்றார் ஒரு நடுவர்.

நான்கு பாட்டு பாட வைத்தார்கள். கடைசியில் "நீங்க செலக்ட்" என்றார்கள். அக்கா அழுதுவிட்டார். நடுவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். நான் அந்த முகத்தை நெருக்கத்தில் எடுத்தேன்.

மறுநாள் எடிட் செய்யும்போது, குரல் உடைந்த இடங்களில் எல்லாம் கழுதை கத்துவதைச் சேர்த்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகச் செய்தது. அழும் இடத்தில் சோக வயலின் போட்டு, அதன் மேலும் ஒரு கழுதை. முதலாளி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வாரத்தில் நான்கு முறை ஒளிபரப்பினோம்.

அடுத்த வாரம் அக்கா மாடிப்படி ஏறி வந்தார்.

"சோறு வாங்க வர்ற பசங்க தட்ட நீட்டிக்கிட்டே கழுத மாதிரி கத்துதுங்க சார். அத எடுத்துடுங்க."

"ஊரே உன்னப் பாக்குதும்மா. இன்னா கொற உனக்கு?" என்றார் முதலாளி.

அக்கா என் பக்கம் திரும்பினார். "செலக்ட்னு சொன்னாங்களே தம்பி, அது பொய்யா?"

நான் மானிட்டர் பக்கம் திரும்பி, நகைக்கடை விளம்பரத்தை வெட்ட ஆரம்பித்தேன்.

அவர் போன பிறகு அதை அழித்தேன். ஆனால் அதற்குள் செல்போன் கடைகள் மெமரி கார்டில் ஏற்றிக் கொடுக்க ஆரம்பித்திருந்தன. சிதம்பரம் பஸ்ஸில் இரண்டு கல்லூரிப் பையன்கள் அதைப் போட்டுச் சிரிப்பதைப் பக்கத்து சீட்டிலிருந்தே கேட்டேன். பிறகு ஒருமுறை விளம்பரம் எடுக்க நெல்லிக்குப்பம் போனபோது, அந்தப் பள்ளி வாத்தியார் ஒருவர் சொன்னார்: "அந்தம்மா இப்ப சோறு போட வெளிய வர்றதில்ல சார். அடுப்பாண்டயே கெடக்குது. வாயத் தொறக்கறதே இல்ல."

வீட்டுக்கு வீடு டிஷ் வந்ததும் எங்கள் சேனலை மூடிவிட்டார்கள். நான் வேலை தேடிச் சென்னைக்குப் போனேன். ஒரு பெரிய சேனலில், என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். செல்போன் கடையில் ஏற்றிக்கொண்ட அந்த வீடியோ என் போனில் இருந்தது. போட்டுக் காட்டினேன். அறை முழுக்கச் சிரிப்பு.

"இதே மாதிரி வாரத்துக்கு நாலு முடியுமா?"

"முடியும் சார்."

மூன்று வருஷம் செய்தேன். யாரும் படியேறி வந்து என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கட்டடத்தில் வாசலிலேயே செக்யூரிட்டி நிறுத்திவிடுவார்.