வேப்பூரில் இறங்குபவள்

போன ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை காலை அன்புக்கரசி அக்காவை விருத்தாசலத்தில் சேலம் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். சேலத்தில் மாறி பெங்களூரு போய், மறுநாள் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். மதியம் போய்ப் பார்த்தால் வீட்டில் உட்கார்ந்து ரசம் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். வேப்பூரில் இறங்கி எதிர்ப் பஸ் பிடித்திருக்கிறாள்.

“ஒண்ணு மட்டும் அடங்க மாட்டேங்குதுடி.”

இது முதல் முறையும் அல்ல. நாலைந்து வருடம் ஊர் ஊராகச் சுற்றித் திரும்பியவள் நான். ஏறிய பஸ்ஸில் பாதியில் இறங்கியதில்லை. என் பெரியப்பா மகளான இவளோ வேப்பூரைத் தாண்டுவதில்லை.

அவள் ஆராய்வது சுருள் வடிவ விண்மீன் மண்டலங்களை. சிலவற்றின் நடுவில் நட்சத்திரங்கள் நீளமாகத் திரண்டு ஒரு பட்டைபோலச் சுழலும். அந்தப் பட்டை வாயுவை மையத்துக்குத் தள்ளும். மையத்தில் புது நட்சத்திரங்கள் பிறக்கும். பட்டை துழாவிய இருபுறமும் வாயு வற்றி, வயதான நட்சத்திரங்களே மிஞ்சும். அவள் பார்த்தவை எல்லாம் இதற்குக் கட்டுப்பட்டன. ஒன்றில் மட்டும், வறண்டிருக்க வேண்டிய இடத்தில் இளசுகள்.

விளக்கம் கேட்டால் தொலைந்தோம். சோற்றின் நடுவே முருங்கைக்காயை வைத்துத் தட்டைச் சுழற்றுவாள். ஒருநாள் பெரியப்பாவின் பொம்மைப் பட்டறையில், களிமண் கூழ் கலக்கும் தொட்டியில் ஒரு கை காவிப்பொடியைத் தூவிவிட்டாள். “பாத்தியா, துடுப்பு எப்படி நடுவுக்கு இழுக்குது!” நான் எட்டிப் பார்ப்பதற்குள் தொட்டி முழுக்க இளஞ்சிவப்பு.

பெரியப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். “வெள்ளை யானைக்கு வச்சிருந்த கூழும்மா! ஒன் நட்சத்திரத்துக்கு வேற எடமே கெடைக்கலியா?”

மன்னிப்பா கேட்டாள்? “துடுப்பு தப்பான உதாரணம்ப்பா. அங்க துடுப்புன்னு தனியா கெடையாது. நட்சத்திரமேதான் துடுப்பு.”

அந்த வாரம் சூளையிலிருந்து வந்த யானைகள் எல்லாம் செங்கல் நிறம்.

அந்தத் திங்கட்கிழமை நான் கத்தியே விட்டேன். “அந்த ஒண்ணு ஏன்னு தெரியலன்னு எழுதிக் குடுத்துத் தொலையேன்க்கா!”

“ஏழு வருசம் படிச்சிட்டுத் தெரியலன்னு எழுதவா? சிரிக்க மாட்டாங்க?”

பல்கலைக்கழகம் பிப்ரவரி வரை தவணை கொடுத்தது. அதுவே கடைசி, தவறினால் பதிவு ரத்து, ஏழு வருடமும் வீண். இனி வழியனுப்ப வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பாதி நேரம் ஒரே படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

மாசி மகக் கூட்டத்தில் ஊரே திணறிக்கொண்டிருந்த நாளில் என் செல்போனுக்கு அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. கிளம்பியதையே யாரிடமும் சொல்லவில்லை.

“தெரியலன்னே எழுதிக் குடுத்துட்டேன்டி. வேப்பூர்ல பஸ்ஸு ரொம்ப நேரம் நின்னுச்சு. கெளம்புற வரைக்கும் முன்சீட்டுக் கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டிருந்தேன்.”