குரல் போன நாளில் தமிழில் பேசிய பாக்கியம் அக்கா

அந்தச் செய்தியையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. பதுளை நீதிமன்றத்தில் காலை வழக்குகள் நடந்துகொண்டிருந்தன. சட்டத்தரணி நசீர் உள்ளே வந்து, தலை குனிந்து வணங்கி, சிங்களத்தில் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பின்வரிசையில் இருந்த தோட்டத்து ஆட்களும் என்னைத்தான் பார்த்தார்கள். "சட்டத்தரணி சிவபாக்கியம் இன்று காலை மாரடைப்பால் காலமானார்" என்று சொன்னேன். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க வெளியே போனேன்.

அழுதுகொண்டே எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. பாக்கியம் அக்காவை நினைத்தால் அழுகைக்கு முன்னால் உற்சாகம் வந்து நிற்கிறது. சென்ற ஆண்டு அவரை நடுரோட்டில் பார்த்த உங்களுக்கு இது புரியும். பார்க்காதவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பதுளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. அங்கே லயம் எனப்படும் வரிசை வீடுகளிலிருந்து எழுப்பப்பட்ட குடும்பங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்துச் சமதரையில் வீடு போட்டிருந்தார்கள். மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்த பிறகு, வெடித்த மலைக்கு யார் திரும்பிப் போவார்கள்? அந்தச் சமதரையில் ஹோட்டல் வரப் போகிறது, வீடுகளை உடைக்க வேண்டும் என்றது அரசாங்கம். குடும்பங்களுக்காக அக்கா வழக்குப் போட்டார். மாவட்ட நீதிபதி தடையுத்தரவு கொடுத்தார். "நீதிபதி சொன்னால் நாங்கள் கேட்க வேண்டுமா?" என்று ஓர் அமைச்சர் மேடையில் கேட்டார். அந்தப் பேச்சுக்கு விளக்கம் சொல்ல வரும்படி நீதிபதி அமைச்சருக்கு அழைப்பாணை அனுப்பினார். உடனே நீதிபதிக்குக் கட்டாய விடுமுறை! பதுளை, பண்டாரவளை, பிறகு நாடு முழுவதும் சட்டத்தரணிகள் நீதிமன்றங்களைப் பகிஷ்கரித்துவிட்டுத் தெருவில் இறங்கினார்கள்.

கறுப்புக் கோட்டுப் போட்டவர்களுக்கு ஊர்வலம் போகத் தெரியாது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆளாளுக்குக் கேமராவுக்கு முன்னால் நிற்கப் பார்த்தார்கள். பஸ்கள் நகர வழியில்லை. பொலிஸார் விசில் ஊதி ஓய்ந்துபோனார்கள். நான் அரசாங்க உத்தியோகத்தன், தெருவில் இறங்க முடியாது; நீதிமன்ற விறாந்தையில் நின்று பார்த்தேன். அக்காவின் அம்மா ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். மலையில் ஆளுக்கொரு தேயிலை நிரை ஒதுக்குவார்கள், அதை முடிக்காமல் அடுத்த நிரைக்குப் போகக் கூடாது. அக்கா ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். "ஐயாமாரே, ஆளுக்கொரு நிரை பிடிங்க! நிரை மாறினா அரை நாள் சம்பளந்தான்!" தெருவே சிரித்தது. கொழுத்த கட்டணம் வாங்கும் பெரிய சட்டத்தரணிகள்கூட முணுமுணுக்காமல் வரிசைக்கு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் கோஷம் மலையில் பட்டுத் திரும்பியது.

சிக்கல் தடையுத்தரவில் இருந்தது. வழக்கு மறுபடி எடுக்கப்படும் தவணை நாளில் யாராவது எழுந்து நீடிக்கக் கேட்காவிட்டால் அது அன்றோடு முடிந்துவிடும். அந்தத் தவணையோ பகிஷ்கரிப்பின் நடுவில் வந்து விழுந்தது. எதிர்த்தரப்புக்காகக் கொழும்பிலிருந்து ஒரு சட்டத்தரணி வந்திருந்தார். மண் அள்ளும் இயந்திரம் தோட்டத்து வளைவில் தயாராக நின்றது. சட்டத்தரணிகள் யாரும் நீதிமன்றத்துக்கு உள்ளே போவதில்லை என்ற தீர்மானத்தை முன்மொழிந்தவரே அக்காதான்!

அன்று வெளியே நடந்ததை நசீர் எனக்குப் பிறகு சொன்னார். வழக்காளிகளில் ஒருவரான செல்லம்மா ஊர்வலத்துக்குள் புகுந்து அக்காவின் கையைப் பிடித்திருக்கிறார்.

"எங்களுக்காகத்தானம்மா எல்லாரும் கத்துறீங்க? உள்ள எங்களுக்கு யாரு பேசுறது?"

"நான்தான்" என்று கம்மிப்போன குரலில் சொல்லி அக்கா ஒலிபெருக்கியை நசீரிடம் நீட்டினார்.

நசீர் பதறிவிட்டார். "அக்கா, போகக் கூடாதுன்னு சொன்னதே நீங்கதானே? நீங்களே போனா நாங்க எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இங்க நிக்கிறது?"

"இருக்கிற மூஞ்சிய வச்சிக்கிட்டு நில்லுங்க தம்பி. நான் போயிட்டு வந்துர்றேன்."

அவர் படியேறும்போது சிலர் "கருங்காலி!" என்று கத்தினார்கள். வேலைநிறுத்தத்தைக் காட்டிக்கொடுப்பவரைச் சொல்லும் அந்தச் சொல் தோட்டத்தில் பிறந்த ஒருவருக்கு எப்படி உறைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அக்கா திரும்பிப் பார்க்கவில்லையாம்.

உள்ளே வழக்கு எண்ணைக் கூப்பிட்டிருந்தார்கள். கதவு திறந்தது. தூறலில் நனைந்த கோட்டோடு அக்கா வந்து நின்று வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. இத்தனை நாள் கத்தியதில் குரல் சுத்தமாகப் போயிருந்தது. கொழும்புச் சட்டத்தரணி சிரித்தார். அக்கா என் மேசைக்கு வந்து குனிந்தார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரை முதலியார் என்று அழைப்பது இங்கே பழைய வழக்கம். அவர் வாயில் அது எப்போதும் பாதி கேலியாகத்தான் வரும். "முதலியாரே, நான் இன்னைக்குத் தமிழ்ல பேசப் போறேன். காதக் குடுங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிங்களத்தில் வெளுத்துக்கட்டுபவர் அவர். பிறகுதான் பொறி தட்டியது. சிங்களத்தில் பேசினால் அந்தக் குரல் நீதிபதிக்கு எட்டாது. தமிழில் பேசினால் ஒவ்வொரு சொல்லையும் நான் சிங்களத்தில் எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும். என் தொண்டையைக் கடன் கேட்கிறார்!

கொழும்புக்காரர் துள்ளி எழுந்து ஆட்சேபித்தார். விடுமுறையில் அனுப்பப்பட்டவரின் இடத்தில் இருந்த பதில் நீதிபதி மசியவில்லை. "தமிழில் பேச அவருக்கு உரிமை இருக்கிறது. முதலியார், ஆரம்பியுங்கள்."

"வெளியே இந்த நீதிமன்றத்தைப் பகிஷ்கரிப்பவர் உள்ளே வந்து உத்தரவு கேட்கலாமா?" என்று கொழும்புக்காரர் அடுத்த அம்பை விட்டார். என் காதருகில் அக்காவின் மூச்சு சூடாக இருந்தது. "நீதிமன்ற உத்தரவுக்கு மரியாதை குடுங்கன்னுதான் இத்தனை நாளா தொண்டை கிழியக் கத்துறோம். இன்னைக்கு அந்த உத்தரவே செத்துப்போச்சுன்னா நாளைக்கு எதுக்கு மரியாதை கேக்குறது? வீட்ட ஒடச்சிட்டா, வழக்கு முடியிற அன்னைக்கு எந்த வீட்டப் பாத்துத் தீர்ப்புச் சொல்றது?"

மொழிபெயர்ப்பாளன் சொல்லை மட்டும்தான் கொண்டுபோக வேண்டும், கோபத்தைக் கொண்டுபோகக் கூடாது. அப்படித்தான் எனக்கும் பழக்கம். அன்று நான் சொன்னது தெருவரைக்கும் கேட்டதாம். "முதலியார், கொஞ்சம் மெதுவாக" என்றார் நீதிபதி. மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வாக்கியமும் அதே சத்தத்தில்தான் வந்தது! தடையுத்தரவு நீடிக்கப்பட்டது. பின்வரிசையில் செல்லம்மா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். அக்கா நேராக வெளியே போய்த் தன் நிரையில் நின்றுகொண்டார்.

நாடு முழுவதும் எழுந்த கூச்சலுக்குப் பிறகு நீதிபதியின் கட்டாய விடுமுறை ரத்தானது. அவர் திரும்பி வந்த அன்று அக்கா தேநீர்க் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு சொல்லு கூடல, ஒரு சொல்லு குறையல. ஆனா முதலியாரே, நான் எப்ப அவ்வளவு ஆத்திரமா சொன்னேன்?"

"சத்தம் மட்டும் என்னோடதுங்க அக்கா."

"அத விட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டு என் வடையையும் எடுத்துக்கொண்டு போனார்.

நான் விடவில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான். போன வாரம் அதற்கு வேலை வந்தது. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. அக்கா இல்லாத முதல் தவணை. வழக்காளிகள் சார்பில் யார் ஆஜராகிறார்கள் என்று நீதிபதி கேட்டார். நசீர் எழுந்தார். அவருக்குப் பக்கத்தில், அன்று எல்லோரையும் விட உரக்கக் "கருங்காலி" என்று கத்தியவர் எழுந்தார். பிறகு மேசையைச் சுற்றி இருந்த சட்டத்தரணிகள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசியில் நாற்காலிகள்தான் உட்கார்ந்திருந்தன. பின்வரிசையில் செல்லம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஐயா, எங்களுக்கு யாருங்க பேசுறது?"

"எல்லாரும் அம்மா!" என்றேன், தெருவரைக்கும் கேட்கும்படியாக. "எல்லாருமே!"