மோட்டார் போட்டதும் அணைந்த கணினி

என் மருமகள் ஒரு சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்கிறாள். ஒரு மாதமாக அந்தக் கணினி அடிக்கடி அணைந்து, தானாகவே மறுபடி ஓடத் தொடங்கியது. புதுக்கோட்டைக் கடைக்கு இரண்டு முறை கொண்டுபோனோம். அங்கே ஒழுங்காக ஓடியதால் பழுதில்லை என்று திருப்பித் தந்தார்கள்.

எனக்குக் காரணம் புரிந்திருந்தது. என் மனைவி தண்ணீர் மோட்டாரைப் போடும்போது கூடத்து விளக்கு மங்கும். உடனே மருமகளின் அறையிலிருந்து, "திரும்பவும் போச்சு" என்று குரல் வரும். ஆனால் நான் ஐந்தாவது படித்தவன், அவள் இன்ஜினியர். அவளிடம் நேராகப் பேசிப் பழக்கமும் இல்லை. தப்பாக இருந்தால் சிரிப்பார்களே என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் அவள் என் மகனிடம், "இன்னொரு தடவ வேலை நடுவுல கட் ஆனா வேற ஆளப் பாத்துக்கிறோம்னு கம்பெனில சொல்லிட்டாங்க" என்று சொல்லி அழுதாள்.

அவள் அறை வாசலில் போய் நின்றேன். "ஆத்தா, நான் மோட்டாரப் போடுறேன். நீ கம்ப்யூட்டரப் பாரு" என்றேன்.

போட்டேன். அணைந்தது.

"எப்பருந்து தெரியும் மாமா?"

"மொத வாரத்துலயே தோணுச்சு."

"ஒரு மாசமா எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க" என்றாள், மெதுவாக.

வயர்மேன் மோட்டாருக்குத் தனி லைன் இழுத்த பிறகு கணினி அணையவில்லை. அவள் வேலையும் நிலைத்தது. என் கூச்சத்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்றுதான் அவள் அதைச் சொல்லும்வரை நினைத்திருந்தேன்.