சொல்லக் கூசும் இடம்

நோர்வேயில் எங்கள் நகரத்து நீச்சல் மண்டபத்தில், தண்ணீருக்குள் இறங்குமுன் உடுப்பெல்லாம் களைந்து சவர்க்காரம் போட்டுக் குளிக்க வேண்டும். முதல் நாள் நான் காற்சட்டையோடு குளித்தேன். பக்கத்தில் நின்ற கிழவர் அதைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னார். காற்சட்டை தன்னுடையது என்கிறாராக்கும் என்று நினைத்து, கடைச் சிட்டையை எடுத்துவர ஓடினேன். கழற்றச் சொல்கிறார் என்று பிறகுதான் புரிந்தது. என் அப்பாவின் வயதுக்காரர்கள் பிறந்தமேனியாய் நின்று மழையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பல வருடங்களின் பின் என் வலது மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்தது. ஆண்களுக்கும் அது அரிதாக வரும் என்று அன்றுதான் அறிந்தேன். வெட்டி எடுத்தபின் அதே மண்டபத்தில் தழும்போடு நின்றேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊருக்கு மட்டும் உண்மை சொல்லவில்லை. வேலணையில் இருக்கும் அக்காவிடம் தொலைபேசியில், "நெஞ்சிலை ஒரு சின்ன ஒப்பிரேசன்" என்று முடித்துவிட்டேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் படிப்பித்தவர் அவர். அவரிடமே சொல்லக் கூசியது. இருதயம் என்று எடுத்துக்கொண்ட அக்கா, நான் சுகமானால் அம்மன் கோயிலில் பிரதட்டை செய்வேன் என்று என் பெயரில் நேர்த்தி வைத்துவிட்டார். போன திருவிழாவுக்குப் போய் இறங்கியபோதுதான் எனக்கு அது தெரியவந்தது. வேட்டியை மட்டும் கட்டிக்கொண்டு, ஈர உடம்போடு, ஊர் பார்த்திருக்கக் கோயில் வீதி மணலில் உருள வேண்டும். ஆம்பிளைக்கு அதில் என்ன வெட்கம் என்று நானும் ஒருகாலம் நினைத்தவன்தான்.

அன்று காலை கிணற்றடியில் அக்கா வாளியோடு நின்றார்.

"என்னடா, சேட்டோடை நிக்கிறாய்? கழட்டு, தண்ணி வாக்கிறன்."

"ஏலாது அக்கா."

வேறு வழியில்லாமல் கழற்றினேன். முலைக்காம்பு இருந்த இடத்திலிருந்து கமக்கட்டு வரை ஓடிய தழும்பைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார்.

"இது இருதயம் இல்லையே."

புற்றுநோய் என்று சொன்னேன்.

"ஆம்பிளையளுக்கும் வருமே?"

"ஓம். எனக்கு வந்தது."

கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டார். சீலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு சொன்னார்.

"எனக்கும் கிடக்குது. ரெண்டு வருஷமா. முதல் பயறு மாதிரி இருந்தது. இப்ப தேசிக்காய் அளவு."

"ஆருக்கும் காட்டேல்லையோ?"

"ஆருக்குக் காட்டுறது? அத்தானுக்கே சொல்லேல்லை. ஆஸ்பத்திரியிலை டொக்டர்மார் ஆம்பிளையள்."

எத்தனை பிள்ளைகளுக்கு இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தவர். கோபத்தில் கத்த வாயெடுத்தேன். இரண்டு மாதம் கட்டியைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லாததுபோல் வேலைக்குப் போனவன் நான் என்பது நினைவு வந்தது.

"நான் இப்ப ஊருக்கு முன்னாலை வெறும் மேலோடை உருளுறன். நாளைக்கு நீங்கள் ஒரு டொக்டருக்கு முன்னாலை மட்டும் வாங்கோ."

அக்கா எழும்பி வாளியை எடுத்து என் தலையில் வார்த்தார். நான் உருளும்போது, அவிழும் வேட்டியைச் சரிசெய்தபடி வீதி முழுக்கப் பின்னால் வந்தார். ஆட்கள் என் மார்பைப் பார்த்தார்கள், பார்வையை எடுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு உருண்டேன்.

மறுநாள் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனோம். விசாரித்து ஒரு பெண் மருத்துவரைப் பிடித்திருந்தேன். குடும்பத்தில் வேறு யாருக்கும் இருக்கிறதா என்று அவர் கேட்டார். எனக்கு என்றேன். எந்த இடத்தில் என்றார். அக்கா பக்கத்தில் இருந்தார். அந்த இடத்துக்கான தமிழ்ச் சொல் வாயில் வரவில்லை. "பிறிஸ்ற்" என்றேன். நோர்வே மொழியில் தாதிக்கும் முதலாளிக்கும் கூசாமல் சொன்ன சொல். மருத்துவர் விளங்காமல் நிமிர்ந்து பார்த்தார். அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது.

கட்டி கெட்டதுதான். வெட்டி எடுத்து, இப்போது மருந்து ஏற்றுகிறார்கள். தலைமயிர் போய்விட்டது, ஆள் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நோர்வேயிலிருந்து அழைப்பேன். பின்னால் அத்தானும் அயலவரும் கதைப்பது கேட்கும். அவர்களுக்கு நடுவில் இருந்துகொண்டே, குரலைத் தாழ்த்தாமல், "பிறிஸ்ற்றிலை இண்டைக்கு நோவு குறைவு, தம்பி" என்பார். போன கிழமை இங்கே பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது, அந்தத் தமிழ்ச் சொல்லை ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க நினைத்தேன். சுற்றி நின்ற எவருக்கும் தமிழ் தெரியாது. அப்போதும் வாய் எழும்பவில்லை.