இறக்காத கண்ணாடி

போன வருடம் மழைக்காலம் முடிந்த சமயம். திருவொற்றியூர் தாண்டி எர்ணாவூர் போகும் சாலையில் மழை தோண்டிய பள்ளங்கள் அப்படியே கிடந்தன. எங்களுக்கு ராயபுரத்தில் வீடு, எர்ணாவூரில் ஹார்டுவேர் கடை. நானும் மனைவியும் தினமும் காலையில் காரில் போவோம். போவோம் என்பது பேச்சுக்குத்தான். பாதி நேரம் நின்றுகொண்டுதான் இருப்போம். இடது ஓரம் நெடுக கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். மிச்சமிருக்கும் இடத்தில் கார், ஷேர் ஆட்டோ, பைக் எல்லாம் முட்டி மோதும். பஸ் நெரிசலிலிருந்து தப்பித்தோம் என்று கார் வாங்கிய அன்று ஸ்வீட் கொடுத்தவன் நான்.

இதில் திருட்டு பயம் வேறு. 'ஆயில் ஒழுகுது', 'டயர் பஞ்சர்' என்று சொல்லி இறங்கவைத்து, பையை அடித்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்களே! என் மைத்துனரின் லேப்டாப் அப்படித்தான் போனது. அதிலிருந்து எங்கள் காரில் ஒரே சட்டம். யார் தட்டினாலும் கண்ணாடி இறங்காது.

அன்று ஒரு பைக் எங்களை விடாமல் பின்தொடர்ந்தது. ஓட்டியவருக்கு நடுத்தர வயது. பின்னால் மீன் கூடையோடு ஒரு பெண். முதலில் ஹாரன் அடித்தார்கள். பிறகு என் பக்கம் வந்து, அந்தப் பெண் ஈரக் கையால் கண்ணாடியை ஓங்கித் தட்டினாள். வாய் அசைந்தது, கை முன்னால் எதையோ காட்டியது. சுற்றியிருந்த இரைச்சலில் ஒன்றும் காதில் விழவில்லை.

"எறக்கிராதீங்க," என்றாள் மனைவி, பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு. "இப்ப பொம்பளையையும் சேத்துக்கிட்டு வாரானுவ. மீன் கூடையெல்லாம் வேஷம்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. மீன் விற்கப் போகிறவர்களுக்கு என் காரிடம் என்ன வேலை?

எங்களுக்கு முன்னால் வெகு நேரமாக ஊர்ந்துகொண்டிருந்த ஒரு கன்டெய்னர் லாரி இடது ஓரமாக ஒதுங்கியது. அதன் பக்கத்தில் ஒரு கார் நுழைகிற அளவுக்கு இடம் கிடைத்தது. நான் நுழையப் போன நேரத்தில், அந்த ஆள் பைக்கை என் பம்பருக்கு முன்னால் குறுக்கே போட்டுவிட்டார். சரிதான், மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். பூட்டியிருந்த கதவை மறுபடி பூட்டினேன். ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. லேசாக இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

அந்த லாரி இடதுபக்கம் இருந்த கன்டெய்னர் யார்டுக்குள் திரும்பியது. வலது பின்சக்கரம் பள்ளத்தில் இறங்க, மேலே இருந்த காலிக் கன்டெய்னர் வலப்பக்கம் சாய்ந்து, அப்படியே ரோட்டில் விழுந்தது. விழுந்த அதிர்வில் எங்கள் கார் ஒருமுறை குலுங்கியது. நான் நுழைந்திருந்தால் அது விழுந்திருக்கும் இடம், என் மனைவி உட்கார்ந்திருந்த பக்கம்.

கதவைத் திறந்து இறங்கினேன். பைக் ஓட்டியவர் வெளிறிப்போயிருந்தார். அந்தப் பெட்டி அவருக்கும் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

"கிட்டக்கதான போறோம்னு பொட்டிக்கு லாக்கு போடாம எட்த்துகினு வர்றானுங்க சார்," என்றார். "ஒவ்வொரு பள்ளத்துலயும் பொட்டி தூக்கிச்சு. பின்னாலேந்து பாத்துகினே வந்தோம். நீ அதும்பக்கத்துலயே பூந்துகினு போற!"

அந்தப் பெண் என்னையே பார்த்தாள். "எம்மா நேரமா தட்டிகினு கீறேன். இன்னாத்துக்கு சார் நீ தொறக்கல?"

"ஏசி சத்தத்துல கேக்கலம்மா," என்று புளுகினேன்.

அவள் பார்வை காருக்குள் போனது. என் மனைவி இன்னமும் அந்தப் பையை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தாள். அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். "சரி, வூட்டுக்காரம்மாவ பத்ரமா இட்டுகினு போ," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடையோடு ஏறி உட்கார்ந்தாள். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நன்றி என்ற ஒரு வார்த்தை வாயில் வருவதற்குள் அவர்கள் போயே விட்டார்கள்.

கடைக்குப் போய்ப் பார்த்தால், கண்ணாடியில் அவள் ஐந்து விரல்களின் தடமும் மீன் செதிலோடு காய்ந்து ஒட்டியிருந்தது. துடைக்க மனசே வரவில்லை.

என் காரில் பூட்டுகிற பட்டனும் கண்ணாடியை இறக்குகிற பட்டனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. யாராவது தட்டினால் என் விரல் இன்றைக்கும் முதலில் பூட்டுக்குத்தான் போகிறது. ஆனால் அங்கேயே நின்றுவிடுவதில்லை, அடுத்த பட்டனை அழுத்திக் குரல் நுழையும் அளவுக்காவது கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓய்கிறது.